மகனைச் சாட்சி ஆக்காதீர்கள்

கேள்வி (சுருக்கமாக): கோண்டாவில் வாசகி ஒருவர். கணவர் வேறொரு பெண்ணோடு வாழப்போய்ப் பதினொரு மாதம். யாழ்ப்பாணம் மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்கு நடக்கிறது. ஒன்பது வயது மகன், இடைக்காலக் கட்டளைப்படி சனிக்கிழமைகளில் தகப்பனிடம் போய்வருகிறான். வந்த இரவில் பாயை நனைக்கிறான். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு அடிக்கிறான். இதைக் காட்டித் தகப்பன் பார்ப்பதை நிறுத்தலாமா? மகனையே நீதிபதியிடம் பேசவைக்கலாமா?

பதில்: ஆறு பக்கக் கடிதத்தில் ஐந்து பக்கம் கணவர், மாமியார், சீதனக் காணி. கணவரின் பிறதொடர்பு விவாகரத்துக்கு வேண்டிய காரணம். அதை உங்கள் சட்டத்தரணி நிறுவட்டும். காணி, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி பார்க்க வேண்டிய வேறு கணக்கு. செலவுக்குப் பணம் வரவில்லையென்றால், 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்துக்குப் போங்கள். பணத்துக்காகப் பிள்ளையை மறிக்க முடியாது. பிள்ளை யாரிடம் இருப்பது, யார் பார்ப்பது என்று வரும்போது நீதிமன்றம் முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனை. கெட்ட புருஷன் என்பதாலேயே ஒருவர் கெட்ட தகப்பன் ஆகிவிடமாட்டார்.

எனக்குப் பயம் தந்தது, கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி: “வந்தவுடன், அங்க ஆர் ஆர் இருந்தவை, என்ன கதைச்சவை எண்டு கேப்பன். அவன் வாயே திறக்கமாட்டான்.”

இந்த வரி எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் கையில் கிடைத்தால் உங்கள் வழக்கு அங்கேயே சரியும். பிள்ளை பாயை நனைப்பது உண்மை. அது தகப்பன் வீட்டாலா, திரும்பி வந்ததும் நடக்கும் விசாரணையாலா? குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே இதுதான். பெற்றோர் பிரியும் பிள்ளைகளிடம் நித்திரையில் சிறுநீர் போவதும், வயிற்றுவலியும், அடிதடியும், ‘என்னாலதான் அப்பா போனவர்’ என்ற எண்ணமும் வரும். பிரிவை விட, இரண்டு பக்கமும் இழுபடுவதுதான் அவர்களை அதிகம் உடைக்கிறது. உங்களிடம் ஒரு முகம், அங்கே ஒரு முகம் காட்டி அவன் களைத்துப்போயிருக்கிறான்.

முன்பொரு வழக்கில் என் கட்சிக்காரரின் பத்து வயது மகனை நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டார். நானும் நின்றேன். பையன் நிமிர்ந்து நின்று, “அப்பா எங்களை வன்மத்துடன் கைவிட்டுச் சென்றார்” என்றான். வழக்குரையில் நான் எழுதிய வசனம். “இதை ஆர் சொல்லித் தந்தது தம்பி?” என்று நீதிபதி மெதுவாகக் கேட்டார். பையன் கதவடியைத் திரும்பிப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினான். தகப்பனுக்கு இன்னும் கூடுதலான நாட்கள் கொடுத்துக் கட்டளை வந்தது. அந்தத் தாய் பொய் சொன்னவர் அல்ல. பிள்ளையின் வாயில் தன் சொல்லை வைத்தார், அவ்வளவுதான்.

ஆகவே மகனைப் பேசவைக்க நீங்கள் கேட்க வேண்டாம். அவன் குரலைப் போனில் பதியவும் வேண்டாம். கட்டளை இருக்கும்போது ஒரு சனிக்கிழமையாவது மறித்தால் நீதிமன்ற அவமதிப்புக்கு நீங்களே வழி திறக்கிறீர்கள். யாழ். போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அவனைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், ஆனால் வைத்தியத்துக்கு. வழக்குக்குக் கடிதம் வாங்கவென்று போனால், அதைத் தாளில் பார்த்தவுடன் தெரியும்.

நேரே சொல்கிறேன், பார்க்கும் விடயத்தில் சமாதானமாகப் போங்கள். விவாகரத்து அதன்பாட்டில் நடக்கட்டும். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் கூட்டிப்போவது, புலமைப்பரிசில் வகுப்பு உள்ள சனிக்கிழமையில் என்ன செய்வது, அந்தப் பெண் வீட்டில் இருக்கும்போது எப்படி என்று ஒவ்வொன்றையும் எழுதி, இருவரும் ஒப்பி, அடுத்த தவணையிலேயே கட்டளையாகப் பதியுங்கள். வாய்ப்பேச்சில் விடாதீர்கள். பிள்ளையைக் கையளிக்க உங்கள் அண்ணர் போகட்டும்; படலையடியில் நீங்கள் இருவரும் சந்திக்கவே வேண்டாம்.

ஒன்று விலக்கு. அங்கே பிள்ளைக்கு அடியோ, தகாத தொடுகையோ நடக்கிறதென்ற சந்தேகம் இருந்தால் மேலே சொன்ன சமாதானம் பொருந்தாது. நீங்களாக அவனைக் குடைந்து கேட்காமல், அன்றைக்கே சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு அழையுங்கள். பொலிஸின் பெண்கள், சிறுவர் பிரிவிலும் முறையிட்டு, உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லிக் கட்டளையை மாற்றக் கேளுங்கள்.