வீட்டை அடமானம் வைத்து டைப் ரேட்டிங் எடுக்கலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். மாதம் 60,000 ரூபாய் மிஞ்சும். மகன் 200 மணி நேரம் பறந்து விமானி லைசென்ஸ் (சி.பி.எல்.) வாங்கிவிட்டான். அதற்கு 35 லட்சம் கல்விக்கடன். இன்னும் ஆறு மாதத்தில் தவணை ஆரம்பம். ஏர்பஸ் ஏ320 விமானம் ஓட்டுவதற்கான தனித் தகுதி, அதாவது டைப் ரேட்டிங், எடுத்தால்தான் வேலை, 18 லட்சம் வேண்டும் என்கிறான். வீட்டை அடமானம் வைக்கலாமா?

பதில்: வேலைக் கடிதம் கைக்கு வரும்வரை வைக்காதீர்கள் சார்.

கணக்கைப் பார்ப்போம். 35 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி, பத்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 48,200. அதன் மேல் 18 லட்சம் அடமானக் கடன், 10 சதவீத வட்டி என்றால் இன்னொரு 23,800. மொத்தம் 72,000. கடை வருமானம் முழுவதையும் கொட்டினாலும் துண்டு விழும். கல்விக்கடன் வட்டிக்குப் பழைய வரி முறையில் கிடைக்கும் சலுகையும் அடமானக் கடனுக்குக் கிடையாது.

டைப் ரேட்டிங் என்பது குறிப்பிட்ட ஒரு விமான ரகத்துக்கான தகுதி. ஏ320க்கு எடுத்தவரை ஆள் தேவை என்பதற்காக போயிங் 737-லோ, ஏடிஆர் என்கிற சிறிய விமானத்திலோ உட்கார வைக்க முடியாது. உங்கள் பக்கத்துப் புதுச்சேரியில் வந்திறங்கும் இண்டிகோ விமானம்கூட ஏடிஆர்தான். சிமுலேட்டரில் கற்றது, ஓட்டாமல் இருந்தால் கை மறந்துவிடும். அப்புறம் மறுபடி செலவு.

உண்மையான அனுபவம் வேலையில் சேர்ந்த பிறகுதான் ஏறும். முதலில் சிமுலேட்டர், பிறகு நிஜ விமானத்தில் ஏற்ற இறக்கப் பயிற்சி, அடுத்து பயணிகளோடு பயிற்சி கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து பல மாதங்கள். மழையில் இறங்குவது, சென்னை நெரிசலில் கட்டுப்பாட்டு அறையோடு பேசுவது, கேப்டனிடம் தயங்காமல் 'சார், உயரம் குறைகிறது' என்று சொல்வது எல்லாம் அங்கேதான் படியும். பயிற்சி முடிந்து துணை விமானியாக விட்ட பிறகும் சிமுலேட்டர் தேர்வுகள் தொடரும். கேப்டன் ஆவதற்கான ஏ.டி.பி.எல். லைசென்ஸுக்கு 1,500 மணி நேரம் வேண்டும். மாதம் 65 மணி பறந்தால், மீதி 1,300 மணிக்கு இருபது மாதம். முதல் 200 மணிக்கு நீங்கள் பணம் கொடுத்தீர்கள். இந்த 1,300 மணிக்கு அவனுக்குச் சம்பளம் வர வேண்டும்.

அதுவரை? மாணவர்களுக்குப் பறக்கக் கற்றுத்தரும் தகுதியான பயிற்றுநர் ரேட்டிங் எடுக்கச் சொல்லுங்கள். சில லட்சம் ஆகும், வெளிமாநிலம் போக வேண்டியிருக்கலாம், சம்பளமும் சுமார்தான். ஆனால் மணி நேரம் ஏறும், கையும் பழக்கத்தில் இருக்கும். மாணவனின் தப்பைத் திருத்துகிறவனுக்குத் தன் தப்பும் சீக்கிரம் பிடிபடும் என்பது என் எண்ணம். மெடிக்கல் சான்றிதழும், வெளியே பார்க்க முடியாதபோது கருவிகளை வைத்தே பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போதைக்கு அவசியச் செலவு. முடிந்தால் கல்விக்கடன் வட்டியை மட்டும், மாதம் 32,000, இப்போதே கட்டி வாருங்கள், அசலோடு சேராது.

'பணம் கட்டுங்கள், வேலை நிச்சயம்' என்று ஏஜென்ட் யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வேலைக் கடிதம் வந்ததும் மூன்று விஷயம் படியுங்கள்: டைப் ரேட்டிங் செலவு யாருடையது, பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டா, எத்தனை வருடம் வேலையை விட்டுப் போகக் கூடாது என்ற பாண்ட். செலவு உங்களுடையது என்றால், அந்தக் கடிதத்தோடு முதலில் கல்விக்கடன் கொடுத்த வங்கியிலேயே கூடுதல் கடன் கேளுங்கள். அவர்கள் கைவிரித்தால் மட்டும் வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுக்கலாம்.