விரதத்துக்காக மாத்திரையை நிறுத்தினேன். தலைக்குள் கரண்ட் அடிக்கிறது

கேள்வி: எனக்கு 34 வயது. பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சிப்புகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சோதிக்கும் வேலை. இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு வந்த மனச்சோர்வுக்காக இரண்டரை ஆண்டுகளாக எஸிட்டலோபிராம் 10 மில்லிகிராம் சாப்பிட்டு வந்தேன். ஓராண்டுக்கும் மேலாக நன்றாகவே இருந்தேன். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டு 48 நாள் விரதம் தொடங்கியதும், "விரத உடம்புக்கு மாத்திரை எதற்கு, முருகன் பார்த்துக்கொள்வான்" என்று மாமியார் சொன்னதால் அன்றே நிறுத்திவிட்டேன். மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை. நான்காம் நாள் தலைசுற்றல், குமட்டல், காரணமில்லாத அழுகை. மைக்ராஸ்கோப்பிலிருந்து பக்கத்துத் திரைக்குக் கண்ணைத் திருப்பினால் தலைக்குள் கரண்ட் அடித்ததுபோல் ஒரு வெட்டு. இரவெல்லாம் பயங்கரக் கனவுகள். ஒன்பதாம் நாள் தாங்க முடியாமல் ஒரு மாத்திரை போட்டேன். மறுநாள் மாலைக்குள் பாதி குறைந்துவிட்டது. இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறேன். நோய் திரும்பி வந்துவிட்டது என்கிறார் நாத்தனார். எனக்கோ மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேனோ என்று பயம். கூட வேலை செய்யும் அக்கா ஒருவர், தான் சாப்பிடும் ஃபுளுவாக்ஸட்டினுக்கு மாறிக்கொள்ளச் சொல்லி ஓர் அட்டை மாத்திரையும் கொடுத்திருக்கிறார். நான் என்ன செய்வது? பால்குடம் எடுக்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரி, முப்பது ஆண்டுகள் அரசாங்க மருந்தக முகப்பில் நின்றவள் நான். கண்ணைப் பக்கவாட்டில் திருப்பும்போது தலைக்குள் மின்சாரம் வெட்டுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதை, வேறு வேறு சொற்களில் எத்தனையோ பேர் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்ற பயம் அவர்களுக்கு. மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று விட்டவர்கள் பலர் ஏறக்குறைய இதே சொற்களில்தான் இதை விவரிக்கிறார்கள், கண் அசைவில் அது கூடுவதும் பலர் சொல்லியிருப்பதே. நாள் முழுவதும் கண்ணை அங்கும் இங்கும் திருப்ப வேண்டிய வேலை உங்களுடையது என்பதால் மற்றவர்களைவிட உங்களுக்கு அது அதிகமாகத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே முதலில் நாத்தனாருக்குப் பதில். நோய் திரும்பியதா, மருந்து விலகும்போது உடல் முரண்டுகிறதா என்பதைப் பிரித்தறிய நாள்காட்டியே பாதி சொல்லிவிடும். மனச்சோர்வு திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில், மெல்ல மெல்லத்தான் வரும். உங்களுக்கு வந்ததோ நான்காம் நாள். உங்களுடைய பழைய மனச்சோர்வில் இந்தக் கரண்ட் வெட்டும் தலைசுற்றலும் இருந்தனவா என்று யோசித்துப் பாருங்கள். இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். எல்லாவற்றையும்விட வலுவான சான்றை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒன்பதாம் நாள் போட்ட ஒரே ஒரு மாத்திரை மறுநாள் மாலைக்குள் பாதியைக் குறைத்தது. முதன்முதலில் இந்த மருந்தைத் தொடங்கியபோது மனம் தெளிய எத்தனை வாரம் பிடித்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். திரும்பி வந்த நோயை ஒரு மாத்திரை ஒரே நாளில் அடக்கியிருக்க முடியாது.

அடிமை என்ற சொல்லையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அடிமையானவர் மருந்துக்கு ஏங்குவார், அளவைக் கூட்டிக்கொண்டே போவார், அதைத் தேடி அலைவார். நீங்களோ அதை விடப் பார்க்கிறீர்கள். இரண்டரை ஆண்டுகள் தினமும் வந்துகொண்டிருந்த ஒன்றுக்கு மூளை தன்னைப் பழக்கிக்கொண்டது, அது ஒரே நாளில் நின்றதும் தடுமாறுகிறது. இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளையும், நீண்ட நாள் சாப்பிட்ட ஸ்டீராய்டையும் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதும் உடல் இப்படிப் பழகிவிடுவதால்தான். இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் அல்ல; மனச்சோர்வு மாத்திரைகளில் மூத்தவற்றில் ஒன்றான இமிப்ரமீனை நிறுத்தியவர்களிடம் இத்தகைய அறிகுறிகள் தோன்றுவதை 1959ஆம் ஆண்டிலேயே மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இருந்தும் பல காலம் இது "லேசானது, ஓரிரு வாரத்தில் போய்விடும்" என்று சொல்லியே அனுப்பினார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். நானும் அப்படிச் சொல்லியவள்தான். இங்கிலாந்தின் மனநல மருத்துவர் கழகம் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு, சிலருக்கு இது கடுமையாகவும் நீண்டும் இருக்கக்கூடும் என்று ஏற்றது 2019இல்தான்.

எல்லாருக்கும் இப்படி வரும் என்றும் நினைக்க வேண்டாம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கில், மாத்திரையை நிறுத்தியவர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் வந்தன. ஒப்பீட்டுக்காகக் கொடுத்த, மருந்தில்லாத வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 விழுக்காட்டினர் ஏதோ ஒன்றைச் சொன்னார்கள். கடுமையாக வந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில். ஆனால் அந்த ஆய்வுகளில் பலவற்றில் மருந்து சாப்பிட்ட காலம் குறைவு. உங்களைப் போல் இரண்டரை ஆண்டு சாப்பிட்டவர்களுக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்த எனக்குத் தயக்கம் உண்டு.

இனி நீங்கள் இப்போது செய்துகொண்டிருப்பதைப் பற்றி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவது மெதுவாகக் குறைப்பதுபோல் தோன்றும், உண்மையில் அது ஊஞ்சலாட்டம். எஸிட்டலோபிராம் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 30 மணி நேரம் ஆகும். இரண்டு நாளுக்கு ஒருமுறை போட்டால் அடுத்த மாத்திரைக்கு முன் அது மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிடும், பிறகு திடுமென ஏறும். ஒவ்வொரு முறையும் மூளைக்குப் புதிதாக நிறுத்தியதுபோலத்தான். குறைப்பதென்றால் அளவைக் குறைக்க வேண்டும், நாளைத் தவறவிடக் கூடாது.

அளவைக் குறைப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இது தெரியாமல்தான் பலர், பாதி மாத்திரைவரை சிரமமில்லாமல் வந்துவிட்டு அங்கிருந்து பூச்சியத்துக்குப் போகும்போது சறுக்கி விழுகிறார்கள். இந்த வகை மருந்துகள், மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்ற இரசாயனத்தை மூளையில் திரும்ப உறிஞ்சும் வாயில்களை அடைக்கின்றன. 2019இல் மார்க் ஹொரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியபடி, சிட்டலோபிராம் 20 மில்லிகிராம் அந்த வாயில்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அடைக்கிறது. அதை நாலில் ஒரு பங்காக, 5 மில்லிகிராமாகக் குறைத்த பிறகும் அடைப்பு 60 விழுக்காட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அதாவது முதல் 15 மில்லிகிராமைக் குறைக்கும்போது இழப்பது 20 விழுக்காடு, மிச்சமிருக்கும் 5ஐ விடும்போது இழப்பது 60. எஸிட்டலோபிராம் அதே மருந்தின் வேலை செய்யும் பாதி என்பதால் உங்கள் 10ஐ அதன் 20க்கு நிகராக வைத்துக்கொள்ளலாம். இறங்கும் படிகளில் கடைசிப் படிதான் ஆள் உயரம். நீங்களோ எல்லாப் படிகளையும் ஒரே தாவலில் தாண்டியிருக்கிறீர்கள்.

ஆகவே இந்த வாரமே, உங்களுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்த கிளினிக்குக்குப் போய் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். விடுப்பு கிடைக்காவிட்டால் தொலைபேசியிலாவது கேளுங்கள். பெரும்பாலும் பழைய அளவுக்கே தினமும் திரும்பி, சில வாரங்கள் நிலைத்து நின்ற பிறகு குறைக்கலாம் என்றுதான் சொல்வார்கள். குறைக்கும்போது ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே இரண்டு வாரம் முதல் நான்கு வாரம்வரை விடுவது வழக்கம். அளவு சிறிதாகச் சிறிதாகப் படியும் சிறிதாக வேண்டும். பாதிவரைக்கும் மருந்துக்கடையில் விற்கும் மாத்திரை வெட்டி போதும். கால் மாத்திரைக்கும் சிறிதாக வெட்டினால் துண்டுகள் சமமாக வராது, தூளாகிவிடும். அந்தக் கட்டத்தில் திரவ மருந்தாகக் கிடைக்குமா என்று மருந்தாளரிடம் கேளுங்கள். இந்தப் பகுதியை வெட்டி வைத்துக்கொள்ளும் வேறு வாசகர்களுக்காக ஒன்று: வென்லாஃபாக்ஸின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தைப் போன்று மெதுவாகக் கரையும் மாத்திரை, குளிகைகளை வெட்டவோ நசுக்கவோ கூடாது.

உங்கள் தோழி கொடுத்த அட்டையை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது: ஃபுளுவாக்ஸட்டின் உடலை விட்டு வெளியேற வாரக்கணக்கில் ஆகும் என்பதால், வேறு மாத்திரையை விட முடியாமல் தவிப்பவர்களை மருத்துவர்கள் சில வேளைகளில் அதற்கு மாற்றி, அதிலிருந்து இறக்குவதுண்டு. ஆனால் எதை எப்போது குறைத்து எதை எப்போது ஏற்றுவது என்பது கணக்கு. இரண்டும் உடலில் சேர்ந்துகொண்டால் செரட்டோனின் மிகையாகி வியர்வை, கை நடுக்கம், வயிற்றுப்போக்கு, படபடப்பு, கடுமையானால் காய்ச்சலும் தசை விறைப்பும் வரும். அப்படி வந்தால் மருத்துவமனை அவசரப் பிரிவுதான். டிராமடோல் வலி மாத்திரையும், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் மருந்தும்கூட இந்தக் கூட்டணியில் சேரும் என்பதால், எந்த மருந்துக்கடையிலும் நீங்கள் சாப்பிடும் மாத்திரையின் பெயரைச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

தலைசுற்றல் தீரும்வரை மோட்டாரில் பினாங்குப் பாலத்தைக் கடக்காதீர்கள். அந்தப் பதின்மூன்று கிலோமீட்டரில் காற்றும் லோரியும் போதாதென்று கரண்ட் வெட்டும் வேண்டாம். தொழிற்சாலை பஸ் இருக்குமே. பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் மாறும் நாள்களில்தான் மாத்திரை தவறுகிறது என்பது என் அனுபவம். கடிகாரத்தைப் பார்த்துப் போடுவதைவிட, தூங்கி எழுந்து குடிக்கும் முதல் தேநீரோடு சேர்த்துவிட்டால் மறக்காது. இதற்கிடையில் வாழவே வேண்டாம் என்பதுபோல் ஒரு நினைப்பு ஒரு கணம் வந்தாலும், அது மருந்தாலா நோயாலா என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல் கணவரிடம் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கோ, இருபத்து நான்கு மணி நேரமும் எடுக்கும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸின் 03-7627 2929 எண்ணுக்கோ அழையுங்கள்.

மாத்திரையை விடவே முடியாதா என்று நீங்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனாலும் கடிதத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது. விடலாம், பலர் விட்டிருக்கிறார்கள். ஆனால் நோய் திரும்பும் வாய்ப்பை மறைத்துச் சொல்ல மாட்டேன். 2021இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றில், நீண்ட நாள் மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருந்தவர்களில் நிறுத்தியவர்களுக்கு ஓராண்டுக்குள் 56 விழுக்காடு அளவுக்கு மனச்சோர்வு திரும்பியது. தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்கும் அது 39 விழுக்காடு. ஆகவே எப்போது விடுவது என்பதை மாமியார் சொன்ன நாளில் அல்ல, வேலையும் வீடும் அமைதியாக இருக்கும் ஒரு காலத்தில், உங்கள் மருத்துவரோடு நீங்கள் முடிவு செய்யுங்கள்.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: விரதம் இருக்கும்போது அவர் இரத்த அழுத்த மாத்திரையையோ, பக்கத்து வீட்டு மாமா இன்சுலினையோ நிறுத்துகிறார்களா? விரதம் என்பது நாவுக்கும் மனத்துக்கும் போடும் கட்டு. மருந்தை அதில் சேர்த்தது யார் என்று எனக்குத் தெரியவில்லை.

பால்குடம் தாராளமாக எடுங்கள். தைப்பூசத்தை ஒட்டிய வாரங்களில் அளவைக் குறைக்கும் எந்தப் படியையும் வைத்துக்கொள்ளாதீர்கள். குறைந்த தூக்கம், வெயில், கூட்டம், வெறுங்கால் நடை எல்லாம் சேர்ந்தால் தலைசுற்றல் எதனால் என்றே பிரிக்க முடியாமல் போய்விடும். அன்றைய மாத்திரையை விடியற்காலையில் கிளம்பும் முன் போட்டுக்கொள்ளுங்கள், வழியில் தண்ணீர்ப்பந்தல்களைத் தாண்டிப் போகாதீர்கள். பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் உங்களுக்கு முன்னாலும் பின்னாலும் நடக்கும் பெண்களில் எத்தனை பேர் அன்று காலை அதே மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள் என்பது, முகப்பில் நின்று அதை எண்ணிக் கொடுத்த எங்களுக்குத் தெரியும்.