மூன்று வெட்ஜ் எதற்கு, தம்பி?

கேள்வி: சார், எனக்கு வயது 19. எஞ்சினியரிங் இரண்டாம் ஆண்டு. மாமா புது கோல்ஃப் செட் வாங்கியதும் தன் பழைய அயர்ன்களை (இரும்புத் தலை மட்டைகளை) எனக்குத் தந்துவிட்டார். 5 முதல் 9 வரை இருக்கிறது, கூடவே கிட்டத்து அடிகளுக்கான வெட்ஜ் மட்டைகளில் ஒன்று, பிட்சிங் வெட்ஜ். கம்பெனி வெப்சைட்டில் பார்த்தேன், பந்தில் படும் அதன் முகத்தின் சாய்வு 44 டிகிரி. சாண்ட் வெட்ஜ் கிடையாது. பங்கர் என்கிற மணல் குழியில் விழுந்தால் பந்தைக் கையால் எடுத்து வெளியே போட்டு ஆடுகிறேன். கடையில் 52, 56, 60 மூன்றையும் சேர்த்து வாங்கச் சொல்கிறார்கள். டியூஷன் எடுத்துச் சேர்த்த 8,000 ரூபாய்தான் கையில் இருக்கிறது. என்ன வாங்கலாம்?
– கல்லூரி மாணவர், பீளமேடு, கோவை

பதில்: ஒன்றே ஒன்று வாங்குங்கள் தம்பி. 56 டிகிரி சாண்ட் வெட்ஜ், அதுவும் யாராவது ஆடிய பழையது. பெயர்பெற்ற கம்பெனியின் புது வெட்ஜ் ஒன்றே உங்கள் எட்டாயிரத்தைத் தாண்டிவிடும். மூன்றுக்கு எங்கே போவீர்கள்?

கடைக்காரர் சொன்னதிலும் ஒரு கணக்கு இருக்கிறது, முழுக்கத் தள்ளிவிட முடியாது. முன்பெல்லாம் பிட்சிங் வெட்ஜ் 48 டிகிரியை ஒட்டி இருக்கும். அயர்ன் பந்து தூரம் போனால்தான் விற்கும் என்று கம்பெனிகள் அந்தச் சாய்வை, அதாவது லாஃப்டைக் குறைத்துக்கொண்டே வந்தன. இன்று பல செட்டில் அது 43, 44-இல் நிற்கிறது. பழைய 9 அயர்ன் மேல் 'பி' என்று பொறித்தால் என்னவோ அதுதான். இதனால் பிட்சிங் வெட்ஜுக்கும் சாண்ட் வெட்ஜுக்கும் நடுவே பெரிய பள்ளம் விழுந்தது, அதை நிரப்ப கேப் வெட்ஜ் வந்தது. உங்கள் கணக்கில் 44-க்கும் 56-க்கும் நடுவே 12 டிகிரி. நன்றாக ஆடுகிறவருக்கு அது தொல்லைதான். உங்களுக்கு இப்போதைக்கு இல்லை. பிட்சிங் வெட்ஜைக் கிரிப்பில் ஓர் அங்குலம் இறக்கிப் பிடித்து, கை மார்பு உயரம் வரை போகிற மாதிரி முக்கால் ஸ்விங் அடித்துப் பாருங்கள். நடுத் தூரம் கிடைத்துவிடும். இடுப்பு வரை, மார்பு வரை, முழு ஸ்விங் என்று ஒரு வெட்ஜில் மூன்று தூரம் வைத்துக்கொண்டால், இரண்டு வெட்ஜில் ஆறு தூரம் ஆயிற்று. ஆறும் கையில் படிந்த பிறகு, பணம் சேர்ந்தால் 50 டிகிரியில் ஒன்று பார்க்கலாம். அதற்கும் முன்னால் மாமாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பல செட்டில் 'ஏ', 'ஜி' அல்லது 'யு' என்று பொறித்த கேப் வெட்ஜ் கூடவே வரும். அது அவர் வீட்டு மூலையில் எங்கேயாவது கிடக்கலாம்.

60 டிகிரி வேண்டவே வேண்டாம். கேடியாக ஆடுகிறவர்களின் பை தூக்கிய காலத்திலிருந்தே பார்க்கிறேன்: மெம்பர்களின் பையில் பிட்சிங் வெட்ஜின் அடிப்பாகம் தேய்ந்திருக்கும், 60 மட்டும் வாங்கின பளபளப்போடு இருக்கும். அதை வேகமாக வீசினால் பந்துக்கு அடியில் புகுந்து போய்விடும். பந்து நேரே மேலே ஏறி முன்னாலேயே விழும். உங்கள் ஊர் ஆடி மாதக் காற்று வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற அந்தக் காற்றில் உயரப் பந்து எங்கே இறங்கும் என்று யாருக்கும் தெரியாது.

லாஃப்டை எல்லாரும் பார்ப்பார்கள், பவுன்ஸைப் பார்க்கிறவர் குறைவு. எனக்கு அதுதான் முக்கியம். சாண்ட் வெட்ஜ் ஒன்றை வீட்டு டைல்ஸ் தரையில் ஷாஃப்ட் (தண்டு) நேராக இருக்கும்படி நிறுத்திப் பாருங்கள். அதன் முன் விளிம்பு தரையைத் தொடாது. அடியில் உப்பலாக இருக்கிற பகுதிதான் தரையில் உட்காரும், விளிம்புக்கு அடியில் ஒரு நாணயம் நுழையும். முகத்தைக் கொஞ்சம் திறந்து வைத்தால் விளிம்பு இன்னும் மேலே எழும்பும். இந்த உப்பலின் கோணம்தான் பவுன்ஸ். அது இல்லாத வெட்ஜ் மண்வெட்டி மாதிரி மணலில் இறங்கி அங்கேயே நின்றுவிடும். இருந்தால் மணலைத் தள்ளிக்கொண்டு வழுக்கி வெளியே வரும், பந்தும் அந்த மணலோடு வந்துவிடும்.

இதைக் கண்டுபிடித்ததாகப் பேர் வாங்கியவர் அமெரிக்க கோல்ஃப் வீரர் ஜீன் சரசன். அவரும் சிறுவயதில் கேடியாக இருந்தவர், அதில் எனக்கு ஒரு சந்தோஷம். நிப்ளிக் என்ற அந்தக் கால மட்டையின் அடியில் ஈயத்தைப் பற்றவைத்துக் கனமாக்கி, அதோடு போய் 1932-இல் பிரிட்டிஷ் ஓபனை ஜெயித்தார். புதுசு வாங்காமல் பழைய மட்டையை ஒட்டுப்போட்டு ஜெயித்த மனிதர்!

வெட்ஜின் தலையில் 56 என்பதன் பக்கத்தில் 08, 10, 12, 14 என்று இன்னோர் எண் இருக்கும். 10 அல்லது 12 எடுங்கள். புதிதாக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் பந்துக்கு முன்னாலேயே மண்ணைத் தொடுகிறார்கள், அந்தத் தப்பை இந்த பவுன்ஸ் கொஞ்சம் மன்னிக்கும். கோடையில் நம் ஊர்த் தரை காய்ந்து கல்லாகக் கிடக்கும்போது இதே பவுன்ஸ் தட்டி எழும்பி, பந்தின் நடு வயிற்றில் அடித்து 'டாப்' ஆகிவிடும். அந்த மாதிரித் தரையில் சாண்ட் வெட்ஜை எடுக்கவே எடுக்காதீர்கள். 9 அயர்னில் தாழ்வாக ஒரு சிப் (சின்னத் தட்டு) போட்டு உருள விடுங்கள். ஸ்பெயின் வீரர் செவே பல்லெஸ்டெரோஸ் சின்ன வயதில் ஊர்க் கடற்கரையில் ஒற்றை 3 அயர்னை வைத்துக்கொண்டே எல்லா ஷாட்டும் பழகினவர்.

பின்பக்கம் குழிந்த கேவிட்டி வகையாகக் கிடைத்தால் நல்லது. உங்கள் அயர்ன் அப்படித்தான் இருக்கும், நடுவில் படாத அடியையும் ஓரளவு காப்பாற்றும். கிளீவ்லேண்டின் சிபிஎக்ஸ் வரிசை அந்த ரகம். டிவியில் ஆடுகிறவர்கள் வைத்திருக்கிற மெல்லிய பிளேடு வெட்ஜ் பார்க்க அழகு, அவ்வளவுதான். பழையது பிடிக்கவில்லை, புதுசுதான் வேண்டும் என்றால் டெகாத்லானில் இனெசிஸ் வெட்ஜை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள்.

பழையதை எங்கே தேடுவது? முதலில் கிளப்பில் கேடி மாஸ்டரிடமும் புரோ ஷாப்பிலும் சொல்லிவையுங்கள். யார் பை மாற்றுகிறார் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். கையில் கிடைத்ததும் கட்டைவிரல் நகத்தை முகத்தின் மேலிருந்து கீழாக இழுங்கள். முகத்தில் கோடு கோடாக இருக்கிற ஒவ்வொரு பள்ளத்திலும், அதாவது க்ரூவிலும், நகம் மாட்ட வேண்டும். ஓரத்தில் மாட்டி நடுவில் வழுக்கினால், முன்பு வைத்திருந்தவர் நிறைய பயிற்சி செய்திருக்கிறார் என்று அர்த்தம். அவருக்கு நல்லது, உங்களுக்கு வேண்டாம். அப்புறம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கிரிப் பக்கத்திலிருந்து ஷாஃப்டை நீளவாக்கில் பாருங்கள், வளைவு இருந்தால் தெரிந்துவிடும். தலையும் ஷாஃப்டும் சேருகிற இடத்தில் ஆட்டமோ குழி விழுந்த துருவோ இருக்கக் கூடாது. கிரிப் வழவழத்துப் போயிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். அதை மாற்றுவது பெரிய செலவில்லை. போட்டிகளில் ஆடும் எண்ணம் இருந்தால் 2010-க்குப் பிறகு வந்த மாடலாகப் பாருங்கள், அந்த ஆண்டுதான் க்ரூவ் விதி மாறியது. ஆன்லைனில் இந்த வருட மாடல் கால் விலைக்கு என்று வந்தால் அது போலி, சந்தேகமே வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பந்தைக் கையால் எடுத்து வெளியே போடுகிறேன் என்றீர்களே, அதற்கு விதியிலேயே ஒரு வழி உண்டு. 2019 முதல், பங்கரில் ஆட முடியாது என்று நீங்களே அறிவித்து, இரண்டு ஸ்ட்ரோக் அபராதத்தோடு பங்கருக்குப் பின்னால், கொடிக்கு நேர்கோட்டில் வெளியே பந்தைக் கையிலிருந்து கீழே விட்டு, அதாவது டிராப் செய்து, ஆடலாம். வெட்ஜ் வரும் வரை ஸ்கோர் கார்டில் அந்த இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. என் பழைய சாண்ட் வெட்ஜை அறுத்துச் சின்னதாக்கிக் கொடுக்கலாமா?
– ஒரு தந்தை, வேளச்சேரி

பதில்: வேண்டாம் சார். நீளம் குறையும், தலையின் எடை குறையாது. அறுத்த ஸ்டீல் ஷாஃப்ட் இன்னும் விறைப்பாகிவிடும். குழந்தை அதைத் தூக்க மணிக்கட்டை வளைத்து ஒரு ஸ்விங் கற்றுக்கொள்ளும், பிறகு அதை மாற்றுவதற்குள் எங்கள் பாடு திண்டாட்டம். ஜூனியர் மட்டைகளை வயதை வைத்து வாங்காமல் உயரத்தை அளந்து வாங்குங்கள். வளர்கிற பிள்ளை, அதனால் பழையதே போதும். பாப்பாவுக்கு இப்போது பிட்சிங் வெட்ஜ் ஒன்று இருந்தால் சரி, பங்கர் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: மழையில் ஆடிய பிறகு வெட்ஜ் முகத்தில் துரு பிடித்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகர், ஊட்டி

பதில்: உப்புத்தாளைத் தொடாதீர்கள். சில வெட்ஜ்கள் மேல்பூச்சே இல்லாமல், துரு பிடிக்கட்டும் என்றுதான் வருகின்றன, முகத்தில் பழுப்பு ஏறினால் ஆட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. பூச்சுள்ள வெட்ஜ் என்றால் சோப்புத் தண்ணீர், பழைய பல் துலக்கும் பிரஷ், அப்புறம் உலர்ந்த துணி. க்ரூவைக் கூராக்கும் கருவி என்று ஒன்று விற்கிறார்கள். அதில் அளவு கொஞ்சம் மீறினாலும் வெட்ஜ் விதிக்கு ஒவ்வாததாகிவிடும். ஊட்டி ஈரத்தில் ஈர உறையை மட்டும் தலையில் மாட்டி வைக்காதீர்கள்.