துளசியை மட்டும் ஏன் திட்டுகிறீர்கள்?

கேள்வி: "சுப்ரமணியபுரம் படத்தை இப்போதுதான் பார்த்தேன். சின்ன பட்ஜெட்டில் எடுத்த ஒரு ரௌடி காதல் கதை. இதை ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்? துளசி செய்த துரோகத்துக்கு மன்னிப்பு உண்டா?"

முதல் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவதுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்களுக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும் என்று நினைக்கிறேன். மொபைலில் பார்த்திருப்பீர்கள். 2008 ஜூலையில் படம் வந்தபோது தியேட்டரில் பார்த்த எங்களுக்கு அது வேறு மாதிரி இருந்தது. பெரிய ஸ்டார் யாரும் இல்லை. ஜெய் அதற்கு முந்தின வருஷம்தான் 'சென்னை 600028' படத்தில் கிரிக்கெட் பையன்கள் கூட்டத்தில் ஒருவராக வந்திருந்தார். சுவாதி தமிழுக்குப் புதுசு. ஜேம்ஸ் வசந்தனை டிவியில் பேசுகிறவராகத்தான் தெரியும், இசையமைத்த முதல் படம் இது. பாலா, அமீர் ஆகியோரிடம் உதவியாளராக இருந்த சசிகுமார் தானே தயாரித்து, இயக்கி, பரமனாக நடித்தும் இருந்தார். இதையெல்லாம் படம் பார்த்த பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டோம். 1980ஆம் வருஷத்து மதுரையைக் கண் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். திருவிழாக் குழாய் ஸ்பீக்கர், சைக்கிள், தியேட்டரில் முரட்டுக்காளை ரிலீஸ் அன்றைக்கு நடக்கும் கூத்து எல்லாமே.

என் அப்பா மதுரை மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்தில் தையல்காரராக இருந்தவர். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷம் போடுகிறவர்களுக்கு உடுப்புத் தைத்தவர். நானும் இப்போது வீட்டில் மிஷின் போட்டுத் தைக்கிறேன். அப்பா இந்தப் படத்தை டிவியில் பார்த்துவிட்டு, "காலர் சரியா வெட்டியிருக்கான். நாய்க்காது காலர் இப்படித்தான் இருக்கும்" என்றார். அந்தக் காலத்தில் பெல்பாட்டம் பேண்டுக்கு முட்டியில் 18 இன்ச் வைத்தால் கீழே 26 வரை வைக்கச் சொல்வார்களாம். அப்பா சீக்கிரத்தில் யாரையும் பாராட்ட மாட்டார். காசு குறைவாக இருந்தும் காலரில் கூடத் தப்பு விடாமல் எடுத்தார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயம். வடக்கே இந்தி இயக்குநர் அனுராக் காஷ்யப் தன் 'கேங்ஸ் ஆஃப் வாஸேபூர்' படத்தின் தொடக்கத்தில் பாலா, அமீர், சசிகுமார் மூவருக்கும் நன்றி போட்டிருக்கிறார். ஏன் கொண்டாடுகிறார்கள் என்பதற்கு இது போதும்.

சரி, துளசி.

படம் பார்க்காதவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காகக் கதையைச் சொல்கிறேன். அழகர் (ஜெய்), பரமன் (சசிகுமார்), காசி (கஞ்சா கருப்பு) எல்லாம் வேலை வெட்டி இல்லாத நண்பர்கள். முன்னாள் கவுன்சிலர் சோமு வீட்டுக்கு அடிதடி வேலை செய்து கொடுப்பார்கள். சோமுவின் மகள் துளசிக்கும் (சுவாதி) அழகருக்கும் காதல். சோமுவுக்குக் கட்சியில் பதவி கிடைக்காமல் போக, அவர் தம்பி கனகு இந்தப் பையன்களைத் தூண்டிவிட்டு ஒருவரைக் கொல்ல வைக்கிறார். இவர்கள் ஜெயிலுக்குப் போன பிறகு கைகழுவிவிடுகிறார். வெளியே வந்ததும் இவர்களுக்கும் கனகுக்கும் பகை. கடைசியில் வீட்டார் துளசியை வைத்து அழகரை வரவழைத்து, அவள் கண் முன்னாலேயே வெட்டிக் கொல்கிறார்கள். பரமன் கனகைப் பழிவாங்குகிறான். அப்புறம் காசி காசு வாங்கிக்கொண்டு பரமனைக் காட்டிக்கொடுக்கிறான்.

துரோகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதலில் செய்தவர் கனகு, பதவிக்காக. கடைசியில் செய்தவன் காசி, பணத்துக்காக, அதுவும் கூடவே தின்று கூடவே தூங்கிய நண்பனுக்கு. நடுவில் துளசி. அவளுக்குப் பதவியும் இல்லை, பணமும் இல்லை. வீட்டார் போகச் சொன்னார்கள், அழுதுகொண்டே போய் நின்றாள். ஆனால் பதினைந்து வருஷத்துக்கு மேலாக நான் கேட்டுக்கொண்டிருப்பது "துளசி மாதிரி ஏமாத்திட்டா" என்பதுதான். காசி மாதிரி ஏமாத்திட்டான் என்று ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தப் படத்துக்கு நாங்கள் இரண்டாவது வாரம் போனோம். அம்மா, அக்கா, மாமா, நான், என் வீட்டுக்காரர். அக்கா மடியில் அவள் சின்ன மகன். இடைவேளை வரைக்கும் எல்லாருக்கும் சிரிப்பும் சந்தோஷமும்தான். "சிறு பொன்மணி அசையும்" பாட்டு ஓடும்போது ஜெய் தலையை ஆட்டிச் சிரிப்பாரே, அம்மாவே சிரித்துவிட்டார். தாமரை எழுதிய "கண்கள் இரண்டால்" வந்தபோது தியேட்டர் முழுக்கக் கூடவே பாடியது. பிற்பாதியில் ரத்தம் அதிகமாகி அம்மா முகத்தை மூடிக்கொண்டார். அந்தக் குறை எனக்கும் உண்டு, அதை மறைக்கவில்லை.

அப்புறம் அந்தக் காட்சி. பின்னால் இருந்து ஒருத்தன், "கூப்பிட்டு வெச்சு அறுத்துட்டாடா பாவி" என்று கத்தினான். இன்னொருவன் இதைவிட மோசமான வார்த்தை சொன்னான். அதுகூடப் பரவாயில்லை. என் அம்மா, அக்காவுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "ச்சீ, இவளெல்லாம் ஒரு பொண்ணா" என்றார்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் சட்டைப் பட்டனைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இனிமேல் எழுதப்போவதை அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரும் தெருவும் வேண்டாம் என்றாள்.

1996. அக்காவுக்கு இருபது வயது, எனக்குப் பதினாலு. பக்கத்துத் தெரு வெள்ளிப் பட்டறையில் வேலை பார்த்த ஒருவரை அக்காவுக்குப் பிடித்திருந்தது. நல்ல மனுஷன். சாதி வேறு. அதைத் தவிர எங்கள் வீட்டில் அவர் மேல் சொல்ல ஒரு குறையும் இல்லை. விஷயம் தெரிந்ததும் வீட்டில் சத்தமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து சித்தப்பா வந்தார். அவர் ரௌடி கிடையாது. எங்கள் வீட்டு விசேஷம் எல்லாவற்றிலும் பந்தி பார்க்கிறவர் அவர்தான். எனக்கு முதல் வாட்ச் வாங்கித் தந்ததும் அவர்தான்.

அக்காவிடம் சொன்னார்: "சும்மா பேசி முடிச்சிருவோம்மா. நீ வைகைக் கல்பாலத்துப் பக்கம் வரச் சொல்லு, போதும். வரலைனா நாங்க பட்டறைக்கே போற மாதிரி ஆயிரும். அது அவனுக்குத்தான் அசிங்கம்."

அக்கா என்ன செய்திருக்க வேண்டும்? இதை நான் நிஜமாகவே உங்களைக் கேட்கிறேன். மாட்டேன் என்று சொல்லியிருந்தால் பட்டறையில் நாலு பேர் முன்னால் அடித்திருப்பார்கள். பேசுவதற்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவளும் நம்பினாள், அல்லது நம்புகிற மாதிரி தன் மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். இன்றைக்கு வரை அதில் எது என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

டெலிபோன் பூத்துக்குத் துணைக்கு நான்தான் போனேன். பட்டறையில் போன் கிடையாது, பக்கத்துக் கடை நம்பருக்குப் போட்டு அவரைக் கூப்பிடச் சொல்ல வேண்டும். சித்தப்பா ஒரு ரூபாய்க் காசு இரண்டு கொடுத்தார். அவர் வெளியே நின்று எனக்குப் பருத்திப்பால் வாங்கித் தந்தார். அக்கா பேசி முடித்து வெளியே வந்தபோது நான் இன்னும் குடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த மனுஷன் வந்தார். ஐந்தாறு பேர் சேர்ந்து அடித்தார்கள். கால் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்கு மீனாட்சிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். கால் சரியானதும் ஊரைவிட்டே போய்விட்டார். அந்த ராத்திரி அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் கொடுக்க வேண்டிய துணி இருக்கிறது என்று விடிய விடிய மிஷினை ஓட்டிக்கொண்டே இருந்தார். அப்பா மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அந்த ராத்திரிக்காக நான் அவரை மன்னிக்கவில்லை.

ரொம்ப வருஷம் கழித்து, அடிபட்டவரைத் தெரிந்த ஒருவர் மூலமாகக் காதில் விழுந்தது: "அவங்களே போன் பண்ணி வரவெச்சாங்க" என்று அவர் சொல்லியிருக்கிறார். அவர் பக்கத்தில் இருந்து பார்த்தால் அதுதானே உண்மை? அவர் மேல் தப்பே இல்லை. போனுக்கு வெளியே யார் நின்றார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்.

தியேட்டருக்கு வந்த சனத்துக்கு அது தெரியும் என்பதுதான் என் ஆதங்கம். துளசி எப்படி அழுகிறாள் என்று காட்டுகிறார்கள். அனுப்பியது யார் என்று காட்டுகிறார்கள். அத்தனையும் பார்த்த பிறகும் திட்டு அவளுக்குத்தான் விழுகிறது. அதனால் நான் சசிகுமாரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் துளசியைக் கெட்டவளாக எடுக்கவில்லை. பார்த்தவர்கள்தான் அவளைக் கெட்டவளாக ஆக்கி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

படம் விட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா என்னிடம் மட்டும் சொன்னாள்: "அந்தப் பொண்ணு போகலைனா அவனை வேற எடத்துல வெச்சு வெட்டியிருப்பாங்க. அதை ஒருத்தரும் யோசிக்கலை பாரு." அம்மா முன்னால் நின்று வேர்க்கடலை வாங்கிக்கொண்டிருந்தார். தான் சொன்னது யார் மேல் விழுந்தது என்று அம்மாவுக்குத் தோன்றவே இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். சொல்லிக் காட்டியிருந்தால் வருத்தப்பட்டிருப்பார். நானும் சொல்லவில்லை, அக்காவும் சொல்லவில்லை. இப்போது அம்மா இல்லை.

இதைப் படித்துவிட்டுச் சிலர் "சினிமாவை சினிமாவாகப் பாருங்கள்" என்று எழுதுவீர்கள். அப்படியானால் துளசியையும் சினிமாவாகவே விட்டிருக்கலாமே. காலேஜ் முடிக்கிற பையன்கள் காதல் முறிந்தால் உடனே அவள் படத்தைப் போட்டு ஸ்டேட்டஸ் வைக்கிறீர்கள். ஒரு பெண் வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டால் துளசி. போனை எடுக்கவில்லை என்றால் துளசி. நீங்களும் அப்படி ஏதோ அடிபட்டுத்தான் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. அப்படி இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள், உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. அவள் வீட்டுக்குள் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்கிறேன்.

இன்னொரு பக்கம், ஆண்களை எல்லாம் குற்றவாளி ஆக்குகிறேன் என்பார்கள். என் வீட்டுக்காரரும் ஆண்தான். கல்யாணத்துக்கு முன்பே அக்கா எல்லாவற்றையும் சொல்லியும் அவளைக் கட்டிக்கொண்ட மாமாவும் ஆண்தான். அந்தத் தியேட்டரில் கத்தியவனிடம் திரும்பி, "தம்பி, பொம்பளைங்க இருக்காங்க, வாயை அடக்கு" என்று சொன்னதும் மாமாதான்.

மதுரை என்றாலே அரிவாள் என்று ஆனதற்கு இந்தப் படமும் ஒரு காரணம் என்பவர்களுடன் எனக்குப் பாதி உடன்பாடு. இதற்கு அப்புறம் ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்த படங்களில் அரிவாள் இருந்தது, காலர் இல்லை. சென்னையில் வீடு தேடிய என் தங்கை முறைப் பெண்ணிடம் "மதுரைக்காரங்களா, சண்டை சச்சரவு வராதே?" என்று கேட்டிருக்கிறார்கள்.

       

சரி, மன்னிப்பு உண்டா என்று கேட்டீர்கள். மன்னிப்பது அழகர் செய்ய வேண்டியது, அவன் செத்துவிட்டான். நமக்கு அதில் என்ன உரிமை இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அதன் பிறகு அவள் எப்படி வாழ்ந்தாள் என்று படம் சொல்லவில்லை. காசியின் கதையைச் சொல்கிறது. 28 வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு வெளியே வருகிறவனில்தான் படமே தொடங்குகிறது. துளசிக்கு அப்படி ஒரு காட்சிகூடக் கிடையாது. கிடைத்திருந்தால், ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பெண்ணாக, எங்கேயோ பிள்ளைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்திருப்பாள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

முடிந்தால் இன்னொரு தடவை பாருங்கள். டிவியில் வேண்டாம், விளம்பரத்துக்காக வெட்டி வெட்டிப் போடுவார்கள். காசி வரும் இடங்களை மட்டும் கவனித்துப் பாருங்கள், கஞ்சா கருப்பு சிரிக்க வைக்கிற இடங்களையும் சேர்த்து. பார்த்துவிட்டு அவனைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள், நான் படிப்பேன்.