ஆஸ்டியோகிளாஸ்ட் கணக்கு ஏன் ஒத்துவரவில்லை?

கேள்வி: சினைப்பை அகற்றிய எலிகளின் தொடை எலும்பை ஃபார்மிக் அமிலத்தில் ஊறவைத்துக் கால்சியம் நீக்கி, கோவையில் கொடுத்து வெட்டி, எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைக் காட்டும் டிராப் சாயமேற்றினோம். நிறம் மங்கலாக இருக்கிறது. இருவர் எண்ணினால் இரண்டு கணக்கு வருகிறது. அதிலும், கூடியிருக்க வேண்டிய எண்ணிக்கை அறுவை செய்யாத எலிகளைவிடக் குறைவாக வருகிறது. பிழை எங்கே?
— ஆய்வு மாணவி, கொழிஞ்சாம்பாறை

பதில்: மங்கலுக்கு முதல் சந்தேகம் அமிலத்தின் மேல்தான். டார்ட்ரேட்டால் தடுக்கப்படாத அமில பாஸ்பேட்டேஸ் என்ற நொதி செல்லுக்குள் இன்னும் வேலை செய்தால்தான் டிராப் சாயம் சிவக்கும். அமிலமும் சூடும் அந்த நொதியைக் கெடுத்துவிடும். ஆகவே ஃபார்மலினில் ஓரிரு நாள் பதப்படுத்திய பின், கால்சியத்தைப் பிடித்து இழுக்கும் ஈ.டி.டி.ஏ.வின் 10 முதல் 14 சதவீதக் கரைசலில், பி.எச். 7.2 முதல் 7.4 வரை இருக்குமாறு, 4 டிகிரியில் வைத்துக் கால்சியத்தை நீக்குங்கள். வாரக்கணக்கில் ஆகும், முடிந்ததா என்பதை எக்ஸ்ரே சொல்லும். பாலக்காட்டுக் கோடையில் மாதிரிகளை வாளையாறு தாண்டி அனுப்புகிறவர்கள் ஐஸ் பெட்டியில்தான் அனுப்ப வேண்டும். வெட்டுவதற்காக எலும்பைப் பதிக்கும் மெழுகின் சூடும் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. சில சிவப்புச் சாயங்கள் ஆல்கஹாலில் கரைந்துவிடும் என்பதால், நீர் சார்ந்த பசையிட்டு மூடுவதே பாதுகாப்பு.

எண்ணிக்கை குறைந்து தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் வகுக்கும் எண்ணில் இருக்கும். சினைப்பை அகற்றிய எலியில் பஞ்செலும்பே கரைந்துபோவதால், ஆஸ்டியோகிளாஸ்ட்டுகள் உட்காரும் பரப்பும் சுருங்கிவிடுகிறது. திசுவின் பரப்பளவால் வகுத்தால் கணக்கு இறங்கித்தான் தெரியும். எலும்பு மேற்பரப்பின் நீளத்தால், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை என்று வகுத்துப் பாருங்கள். 1987இல் வகுக்கப்பட்டு 2013இல் திருத்தப்பட்ட எலும்புத் திசு அளவீட்டுப் பெயர்முறையும் எதை எதனால் வகுத்தோம் என்பதைக் குறிக்கச் சொல்கிறது. எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டை ஒட்டிய புது எலும்பில் இந்தச் செல்கள் இயல்பாகவே மண்டிக் கிடப்பதால், அந்தப் பட்டையை விட்டுவிட்டு, எல்லா எலிகளிலும் ஒரே தூரத்திலிருந்து அளக்கத் தொடங்குங்கள்.

இருவர் கணக்கும் வேறுபடுவது வியப்பில்லை. மூன்று அல்லது அதற்கு மேல் உட்கரு உள்ள, எலும்பைத் தொட்டிருக்கும் சிவந்த செல்லை மட்டும் எண்ணுவது வழக்கம். ஆனால் 5 மைக்ரான் தடிமனுள்ள வெட்டில் பெரிய செல்லிலும் ஒரே உட்கரு சிக்கலாம். இதனால், செல்கள் மூடியிருக்கும் மேற்பரப்பின் சதவீதத்தையே நான் முதன்மை அளவாகக் கொள்வேன். எந்த எலி எந்தக் குழு என்பது அளப்பவருக்குத் தெரியக் கூடாது.

அமிலத்தில் ஊறிய எலும்பைப் பதித்த மெழுகுக் கட்டைகளை உடனே எறிந்துவிட வேண்டாம். நொதி செத்தாலும் புரதம் மிஞ்சியிருக்கலாம் என்பதால், ஆஸ்டியோகிளாஸ்ட்டில் உள்ள கதெப்சின் கே புரதத்துக்கான ஆன்டிபாடி சாயத்தை ஒரு வெட்டில் முயன்று பாருங்கள்.