60 வயதுக்கு மேல் முதல் மாதிரி ரயில் லேஅவுட்டை எங்கிருந்து தொடங்குவது?

61 வயதில் பணி ஓய்வு பெற்றிருக்கிறீர்கள். சிறு வயது முதல் மனத்தில் கிடந்த ஆசைப்படி மாதிரி ரயில் லேஅவுட் ஒன்றை முதன்முறையாகக் கட்ட விரும்புகிறீர்கள். 8க்கு 4 அடி பிளைவுட்டில் இரட்டை வட்டப் பாதை, மலை, சுரங்கம், பாலம் என்று படமும் வரைந்திருக்கிறீர்கள். இந்த வயதில் இது முடியுமா, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

முடியும். நான் 62 வயதில் தொடங்கினேன், இப்போது 66 ஆகிறது. ஆனால் அந்தப் படத்தைப் பத்திரமாக மடித்து வைத்துவிட்டு, 5 அடி நீளமும் 1 அடி அகலமும் உள்ள ஒரு சிறு ஷண்டிங் யார்டை, அதாவது என்ஜின் வேகன்களை இழுத்தும் தள்ளியும் வரிசை மாற்றும் இடத்தை, முதலில் கட்டுங்கள் என்பதுதான் என் பதில். ஏறக்குறைய அதே படத்தை நானும் வரைந்து, பலகையும் வாங்கி, ஏழு மாதம் அதனோடு போராடிவிட்டுக் கைவிட்டவன் என்பதால் காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

8க்கு 4 பலகையை நான் அறையின் ஒரு மூலையில் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தேன். சராசரி உயரமுள்ள ஒருவரின் கை மேசைமீது எட்டுவது ஏறக்குறைய 75 செ.மீ. வரைதான், பலகையின் அகலமோ 122 செ.மீ. வண்டி தடம் புரண்டால் அது பெரும்பாலும் கைக்கு எட்டாத அந்தப் பின் மூலை வளைவில்தான் புரண்டது, ஏனெனில் தண்டவாளத்தைச் சரியாகப் பொருத்த முடியாமல் போன இடமும் அதுவே. மின்கம்பி இணைக்க வேண்டுமானால் பலகைக்கு அடியில் மல்லாந்து படுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை. இந்தச் சிரமங்களையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம் என்றாலும், வளைவின் கணக்கு எந்த வயதினருக்கும் விட்டுக்கொடுக்காது. நான் எடுத்துக்கொண்ட எச்.ஓ. (HO) என்ற மாதிரி ரயில் அளவு உண்மை ரயிலில் 87இல் ஒரு பங்கு, சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பயணிகள் பெட்டியின் நீளம் 21.3 மீட்டர், அதாவது மாதிரியில் 24.5 செ.மீ. வளைவின் ஆரம் மிக நீளமான பெட்டியைப் போல் இரண்டரை மடங்காவது இருந்தால்தான் வண்டி நம்பிக்கையாக ஓடும் என்பது இத்துறையில் அனுபவமுள்ளவர்கள் சொல்லும் கணக்கு. அந்தக் கணக்குப்படி ஆரம் 61 செ.மீ., விட்டம் 122 செ.மீ.; அதுவே பலகையின் முழு அகலம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கென்று விற்கும் ரயில் செட்டுகளில் வரும் வளைவுத் தண்டவாளங்களில் பலவற்றின் ஆரம் 36 செ.மீ. மட்டுமே. அதில் நீளப் பெட்டியை ஓட்டினால் அதன் நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் துருத்திக்கொண்டு போவதைப் பார்த்தபோது, சிறு வயதில் பார்த்த ரயில் எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அளவைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் பிராட் கேஜ் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையிலான அகலம் 1,676 மி.மீ.; அதை 87ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வரும், ஆனால் கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளத்தில் அந்த அகலம் 16.5 மி.மீ. நான் வளர்ந்த செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதைக்கு 11.5 மி.மீ. வேண்டும், அதற்கு நெருக்கமான 12 மி.மீ. தண்டவாளம் ஐரோப்பாவில் கிடைத்தாலும் இங்கே தருவிப்பது பெருஞ்செலவு. எனவே இந்தியப் பாதையை அப்படியே சுருக்கி வைக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை முதல் லேஅவுட்டில் விட்டுவிடுங்கள். 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும், ‘என்’ (N) எனப்படும் இன்னும் சிறிய அளவு குறைந்த இடத்தில் அடங்கும் என்று சிலர் சொல்லக்கூடும். வெள்ளெழுத்து வந்துவிட்ட கண்ணுக்கு அதன் சக்கரத்தைத் தண்டவாளத்தில் ஏற்றுவதே ஒரு சோதனை என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இனி நான் சொல்லும் ஷண்டிங் யார்டுக்கு வருகிறேன். பிரிட்டனைச் சேர்ந்த ஆலன் ரைட் என்பவர் வகுத்த இந்த அமைப்பை இங்கில்நூக் சைடிங்ஸ் என்பார்கள். வண்டியை ஒரு லைனிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பாயிண்ட்டுகள் இரண்டு, லைன்கள் மூன்று. ஒரு லைனில் 5 வேகன்கள் நிற்கும், மற்ற இரண்டிலும் மும்மூன்று நிற்கும். மூன்று லைன்களும் வந்து சேரும் ஷண்டிங் நெக் என்ற துண்டுப் பாதையில் ஓர் என்ஜினும் 3 வேகன்களும் மட்டுமே அடங்கும். இத்தனை இடத்தில் வைத்துக்கொள்வது மொத்தம் 8 வேகன்கள் மட்டுமே. எட்டுச் சீட்டு எழுதிக் குலுக்கி, அதிலிருந்து ஐந்தை எடுத்து, எடுத்த அதே வரிசையில் ஐந்து வேகன்களையும் நீளமான லைனில் கோத்து நிறுத்த வேண்டும். அத்தகைய வரிசைகள் மொத்தம் 6,720 என்பதால், நாள்தோறும் ஒன்று என்று வைத்துக்கொண்டாலும் எல்லாவற்றையும் முடிக்க 18 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வட்டப் பாதையில் வண்டி சுற்றுவதை நான் பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்ததில்லை. இந்த யார்டின் முன் உட்கார்ந்தால் மாலை முழுவதும் போவது தெரிவதில்லை.

எனக்கு இதில் தனிப்பட்ட நெருக்கமும் உண்டு. செங்கோட்டையில் மலையேறும் வண்டிகளுக்குப் பின்னால் இன்னோர் என்ஜினைக் கோத்துத் தள்ளச் சொல்லி அனுப்புவார்கள். பள்ளி விட்டு வரும்போது நான் நின்று பார்த்தது அந்தக் கோக்கும் வேலையைத்தான்: என்ஜின் நடை வேகத்தில் பின்னோக்கி வரும், பாயிண்ட்ஸ்மேன் கையை உயர்த்தியபடி நடப்பார், கடைசி ஒரு முழத்தில் அது நிற்பதைப் போலவே ஊர்ந்து பஃபர் தொடும். நான் மாதிரி ரயிலில் தேடியது அந்த ஊர்தலைத்தான் என்பதை, விரைவு வண்டியை வட்டத்தில் சுற்றவிட்ட ஏழு மாதத்துக்குப் பிறகே உணர்ந்தேன். உங்கள் நினைவில் ரயில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள்; லேஅவுட்டின் படம் அதிலிருந்து பிறக்கட்டும்.

பலகைக்கு 12 மி.மீ. பிளைவுட்டும் கீழே மரச்சட்டமும் போதும். இருபுறமும், வெட்டிய ஓரங்களிலும் பிரைமர் அடித்துவிடுங்கள்; ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூசாத பலகை உப்பி வளைகிறது. இந்த அளவுப் பலகையை மேசைமீது பக்கவாட்டில் நிமிர்த்தி நிறுத்தி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே அடிப்பக்க வேலை முழுவதையும் செய்யலாம். 60 வயதைக் கடந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

மின்சாரம் எளிது. 12 வோல்ட் நேர்மின்சாரக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஷண்டிங் நெக்கில் இரண்டு கம்பிகளைக் கொடுத்தால், பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்த லைனுக்கு மின்சாரம் தானே போகும். பல பாயிண்ட்டுகள் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கின்றன. ஆனால் இரண்டு தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் பிஷ் பிளேட்டை மட்டும் நம்பாதீர்கள். நம் ஊர்க் காற்றில் அது சில மாதங்களில் களிம்பேறி மின்சாரத்தை விட்டு விட்டுக் கடத்தும், என்ஜின் திக்கித் திக்கி ஓடும். ஒவ்வோர் இணைப்பின் இருபுறமும் ஒரு மெல்லிய கம்பியை ஈயம் வைத்துப் பற்றிவிடுங்கள். சிக்னலுக்காக மின்சாரம் செல்லும் உண்மையான தண்டவாளங்களிலும் இப்படி இணைப்புக் கம்பி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிஷ் பிளேட்டையே பற்றிவிடக் கூடாது. வெப்பநிலை 20 டிகிரி ஏறினால் 5 அடித் தண்டவாளம் ஏறக்குறைய அரை மி.மீ. நீளும், அந்த நீட்சிக்கு இணைப்பில் இடைவெளி வேண்டும்.

ஈயம் வைப்பதில்தான் என் கை முதலில் தோற்றது. தண்டவாளத்தின்மீது சால்டரிங் அயனை வைத்துக்கொண்டே ஈயம் உருகக் காத்திருந்தேன்; உருகியது கீழிருந்த பிளாஸ்டிக் ஸ்லீப்பர்கள். இப்போது செய்யும் முறை இது: தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, ஈயம் பிடிக்க உதவும் அமிலமில்லாத சால்டரிங் பேஸ்ட்டை ஊசிமுனை அளவு தடவி, அங்கே ஒரு சொட்டு ஈயத்தை முதலில் படியவைக்கிறேன். கம்பியின் நுனிக்கும் தனியாக ஈயம் பூசிக்கொள்கிறேன். இருபுறமும் ஈரப் பஞ்சை வைத்துவிட்டு, இரண்டையும் சேர்த்து அயனால் தொட்டால் இரண்டு விநாடியில் ஒட்டிவிடுகிறது. மணிக்கட்டை ஒரு மரக்கட்டையின்மீது ஊன்றிக்கொண்டால் கை நடுக்கம் நுனிக்கு வராது. கண் மருத்துவரிடம் போகும்போது, படிப்பதற்கு என்று பொதுவாகச் சொல்லாமல், வேலை செய்யும் தூரத்தை டேப்பால் அளந்துகொண்டு போய்ச் சொல்லுங்கள். எனக்கு அது 38 செ.மீ. அந்தத் தூரத்துக்கென்று தனியாக ஒரு கண்ணாடி செய்துகொண்ட பிறகு என் வேலையின் தரமே மாறிவிட்டது.

ஜல்லி போடும் வேலையைக் கடைசியில், வண்டி ஒரு மாதம் தடம் புரளாமல் ஓடிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான ஜல்லி 5 செ.மீ. என்று கொண்டால் எச்.ஓ. அளவில் அது அரை மி.மீ.க்குச் சற்று மேல், அதாவது ரவையின் பருமன். ஆற்று மணலைக் கழுவிக் காயவைத்து மாவுச் சல்லடையில் சலித்தால் சரியாக அமைகிறது. ஆனால் பரப்புவதற்கு முன் ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மணலுக்குள் விட்டு எடுங்கள். நான் எடுத்தபோது காகிதத்தைச் சுற்றிக் கருமணல் மீசைபோல் குத்திட்டு நின்றது. மோட்டாரில் காந்தம் இருப்பதால் அந்தத் துகள்கள் என்ஜினுக்குள் ஏறிப் பல்சக்கரத்தைத் தின்றுவிடும். காந்தத்தில் எதுவும் ஒட்டாத வரை திரும்பத் திரும்பச் செய்துவிட்டு, மணலைத் தூரிகையால் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பாயிண்ட்டின் நகரும் நாக்குகளுக்கு அருகில் மட்டும் கரைசலே வேண்டாம். எனக்கு ஒரு பாயிண்ட் அப்படி ஒட்டிப்போய், பெயர்த்தெடுத்துப் புதிதாக வாங்க நேர்ந்தது.

பணத்தைப் பொறுத்தவரை, என் செலவில் பாதிக்கு மேல் என்ஜினுக்குப் போனது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஷண்டிங் முழுவதும் மெல்லிய வேகத்தில் நடப்பதால், எல்லாச் சக்கரங்களிலிருந்தும் மின்சாரம் எடுக்கும் நல்ல என்ஜின் ஒன்றை வாங்குங்கள். வேகன்கள் குட்டையான நான்கு சக்கர வகையாக, எளியவையாக இருக்கட்டும். அவற்றைக் கழற்றிவிட ஓர் ஐஸ்கிரீம் குச்சியின் நுனியை மெல்லியதாகச் சீவி வைத்திருக்கிறேன். பெரிய லேஅவுட் ஓடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் புனேயின் கோத்ருட் பகுதியில் 1998 முதல் இயங்கும் ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். அது பல்லாண்டு உழைப்பின் பலன் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மடித்து வைத்த படம் வீணாகாது. என் யார்டின் இடது முனையில் போன ஆண்டு இன்னொரு 5 அடிப் பலகையை போல்ட்டால் இணைத்திருக்கிறேன். கொல்லம் பாதையில் கழுதுருட்டிக்கு அருகிலுள்ள 13 கண் பாலத்தின் மூன்று கண்களை மட்டும் அதில் கட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு முடிந்துவிட்டன, மூன்றாவதற்கு அட்டையில் கல் வரிகளைக் கீறும் வேலை நடக்கிறது.