அமெரிக்காவில் அடைக்கலம் கேட்கலாமா?

கேள்வி: மகள், மாப்பிள்ளையின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் அமெரிக்கா போய் எட்டு மாதம் ஆகிறது. மாப்பிள்ளை அடிக்கிறார், ஊர் திரும்பினால் கொன்றுவிடுவேன் என்கிறார். அங்கேயே அடைக்கலம் கேட்கலாமா?
– ஒரு தாய், குடியாத்தம்

பதில்: கேட்கலாம் அம்மா. அடைக்கல விண்ணப்பமான ஐ-589 படிவத்தை அங்கே போய் இறங்கிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும். நான்கு மாதம்தான் மிச்சம். ஆனால் அடிபட்டதை மட்டும் சொன்னால் போதாது. இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு என்ற ஐந்தில் ஒன்று முக்கியக் காரணம், இந்தியப் போலீஸ் காப்பாற்றாது என்று நிரூபிக்க வேண்டும். "இந்தியாவில் குடும்ப வன்முறைக்கு எதிரான 2005 சட்டம் இருக்கிறதே, வேலூர் வேண்டாமென்றால் சென்னையில் இருக்கலாமே" என்பார்கள் அமெரிக்க அதிகாரிகள். பல மனுக்கள் சறுக்குவது இங்கேதான். முன்பே இங்கே மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தால், புகாரைப் பதிந்ததற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை மொழிபெயர்ப்பாளர் சான்றுடன் ஆங்கிலத்தில் அனுப்புங்கள்.

எனக்கு இதைவிட நம்பிக்கை தருவது வேறு வழி. ஹெச்-4 மனைவி கொடுமைக்கு ஆளானால், ஐ-765வி படிவத்தில் தனியாக வேலை அனுமதி கேட்கலாம். திருமணச் சான்றிதழ், மாப்பிள்ளையின் விசா நகல், காயத்தின் படங்கள், மருத்துவச் சீட்டு ஆகியவற்றை அவர் பார்க்காத மின்னஞ்சலில் இன்றே சேமிக்கச் சொல்லுங்கள். குடியேற்ற வழக்கறிஞரையும் உடனே பார்க்கட்டும். அவர் கை ஓங்கினால் அமெரிக்க அவசர உதவி எண் 911.